ரேடியோ நின்றுபோன வாரம்

முதியோர் இல்லத்தின் ஆண்கள் பிரிவுக்கு நான் நர்ஸாகப் பொறுப்பேற்ற இரண்டாவது வாரம் அந்தச் சண்டை வந்தது. என் கீழே இரண்டு உதவியாளர்கள், அண்ணியும் நாத்தனாரும். ஒரே வீடு, ஒரே ஷிப்ட். அண்ணிக்கு வார்டு வைத்த பெயர் ரேடியோ. நாத்தனார் அந்த ரேடியோவின் நிரந்தர நேயர். அண்ணி விடும் குறட்டையை நாத்தனார் போனில் பதிவுசெய்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது.

எனக்கு உள்ளூரக் குஷி. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று என்னைக் கேட்டுக் கேட்டே அலுத்துப்போன வீடு எங்களுடையது. அப்படிப்பட்டவளுக்கு ஒரு வார்டு நிறைய மௌனம் கிடைத்தால்? மருந்து வண்டிச் சக்கரத்தின் கிறீச்சொலிகூடச் சங்கீதமாகக் கேட்டது.

ஆனால் அந்த மௌனத்துக்கு நானே தபால்காரியானேன்.

“சிஸ்டர், அந்தம்மாவ பெட்ஷீட்ட எடுத்துத் தரச் சொல்லுங்க.”

“சிஸ்டர், அந்தம்மாவுக்குக் கை இல்லையான்னு கேளுங்க.”

இருவருக்கும் நடுவே ஒரு தலையணை அகலம்தான் இடைவெளி.

டிரில் சார் விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டேன். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். நல்ல கனம். பக்கவாதம் வந்தபின் இடது பக்கம் அவர் பேச்சைக் கேட்பதில்லை. இடுப்பெலும்பு முறிந்து பெண்கள் பிரிவில் கிடந்த அவர் மனைவி, அன்று நாலு மணிக்கு முதல்முறையாகச் சக்கர நாற்காலியில் அவரைப் பார்க்க வருவதாக இருந்தது.

“படுத்துக்கிட்டு அவளைப் பாக்க மாட்டேன் சிஸ்டர். நாற்காலில உக்கார வைங்க. முடியலன்னா வாசல்லயே திருப்பி அனுப்பிடுங்க.”

“ஏன் சார்?”

“நான் நல்லா இருக்கேன்னு அவ நம்பணும். இல்லன்னா அழுவா. அவ அழுதா நானும்... விடுங்க.”

மூன்றரைக்கு அவரைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்தோம். தூக்கப் பிடிக்கும் இடுப்பு பெல்ட், நாற்காலி பிரேக், எல்லாம் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் நின்ற இருவரிடமும், “தூக்குங்கக்கா” என்றேன். வலது பக்கம் எழுந்தது. இடது பக்கம் எழவில்லை. சார் ஒரு பக்கம் மட்டும் துடுப்புப் போட்ட படகாகச் சாய்ந்து, என் தோளில் இடித்து, மெத்தையில் தொப்பென்று விழுந்தார்.

“சிஸ்டர், அந்தம்மா முந்திக்கிட்டாங்க.”

“சிஸ்டர், அந்தம்மா நின்னுகிட்டே தூங்கிட்டாங்க. குறட்டை கேக்கல?”

நான் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிப் பார்த்தேன். ஒருத்தி மூன்றில் தூக்கினாள், மற்றவள் மூன்று முடிந்த பிறகு. மறுபடியும் தொப்.

“இது டிரில்லா? ரெண்டு பேரும் பெயிலு!” என்று சிரித்தார் சார்.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த தலைமை நர்ஸ், “இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா நாற்காலியே வேணாம். படுத்தே பாக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றுகொண்டார்.

சார் சிரிப்பதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

போன வாரம் இவர்கள் எப்படித் தூக்கினார்கள்? யோசித்தேன். எண்ணவே இல்லையே! ரேடியோ ஏதாவது கதை அளப்பாள். நாத்தனார் வாயைப் பிளந்து “அப்புறம்?” என்பாள். அந்த “அப்புறம்”தான் கணக்கு. அதில் நாலு கைகளும் ஒன்றாக எழும். இந்த வார்டில் ஆட்கள் ஏறியதும் இறங்கியதும் கதையின் மேல்தான்.

இப்போது கதை சொல்ல என்னை விட்டால் ஆளில்லை.

“அக்கா... நேத்து எங்க கட்டடத்து லிப்ட்ல மாட்டிக்கிட்டேன்.”

இருவரும் நிமிர்ந்தார்கள். நானாக வாய் திறந்ததே பெரிய செய்தி.

“தனியாவா?” என்றாள் ரேடியோ.

“கூட ஒருத்தர் இருந்தார்.”

“ஆம்பளையா?” என்றாள் நாத்தனார். கைகள் தாமாகவே பெல்ட்டைப் பற்றின.

“ஆமா. கைல பூனைக்குட்டி. பட்டுனு லைட் போச்சு. பூனை என் தலை மேல தாவிடுச்சு. உடனே அவர் என்ன பண்ணார் தெரியுமா...”

நிறுத்தினேன். பேசத்தான் எனக்கு வராது. பேசாமலிருக்க யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

“அப்புறம்?” என்றார்கள் இருவரும் ஒரே மூச்சில். சார் எழுந்தார், திரும்பினார், பூப்போல நாற்காலியில் இறங்கினார்.

“அப்புறம்?” என்றார் அவரும்.

“அப்புறம் என்ன, சீப்பை எடுத்துட்டு வாங்க!” என்றார் தலைமை நர்ஸ்.

நாலு மணிக்கு மனைவியின் சக்கர நாற்காலி உள்ளே வந்தது. அவர் கணவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

“ஊருக்கெல்லாம் டிரில் சொல்லிக் குடுத்தீங்களே, நீங்க ஏன் கூன் போட்டு உக்காந்திருக்கீங்க? நிமிருங்க!”

சார் முடிந்தவரை நிமிர்ந்து வலது கையால் ஒரு சல்யூட் வைத்தார். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர் விழித்துக்கொண்டார்.

என் முதுகுக்குப் பின்னால் கிசுகிசுப்பு.

“அண்ணி, அவருக்குக் கல்யாணம் ஆயிருக்குமோ?”

“பூனையத் தூக்கிக்கிட்டு அலையறானேடி. ஆயிருக்காது.”

ஆறு மணிக்கு சாரை மறுபடியும் கட்டிலில் ஏற்ற வேண்டும். அதற்குள் அந்தப் பூனைக்காரர் என்ன செய்தார் என்று நான் கண்டுபிடித்தாக வேண்டும். நான் குடியிருக்கும் கட்டடத்தில் லிப்டே கிடையாது.