அடிக்காத ஆணிகள்

“விட்டுடாதீங்க டீச்சர்! சாயாம நேரா பிடிங்க!”

ரூபினி இரும்பு முட்டுக்கம்பியை இரு கைகளாலும் கெட்டியாகப் பிடித்தாள். தச்சர் வீரமுத்து தரையில் குந்தி, கம்பிக்கு அடியிலிருந்த ஜேக்கைத் திருகத் திருக, தலைக்கு மேலே மாடித் தளம் முனகிக்கொண்டே அரை விரற்கடை உயர்ந்தது.

“போதும். இனி விழாது. கையை எடுங்க.”

மலேசியாவின் யோங் பெங்கில், மதிய வியாபாரம் ஓய்ந்த ஓர் உணவுக்கடையின் நடுவே, பரத ஆசிரியை தூணுக்குத் துணையாக நிற்க வேண்டி வந்ததற்குக் காரணம் காலை வகுப்பு. மாடியில் பதினான்கு பிள்ளைகள் ஒன்றாகத் தட்டடவு போட, மரத்தளம் ஊஞ்சலாக ஆடியது. கீழே சீலிங் பலகை ஒன்று பெயர்ந்து நேராக ரொட்டிக் கல்லில் வந்து விழுந்தது. நல்ல வேளை, யார் மேலும் படவில்லை.

கடையும் கட்டடமும் மீரா சாகிபுவுடையவை. அவர் கோபப்படவில்லை, அதுதான் ரூபினியைப் பயமுறுத்தியது.

“இன்னியோட கிளாஸைக் காலி பண்ணிடுங்க தங்கச்சி. நீங்க குதிக்கிற குதிக்கு இரும்பே வளையும் லா.”

“அது குதி இல்ல பாய், அடவு.”

“என் சீலிங்குக்கு அது தெரியலையே!”

ஆறு வருட வகுப்பு. ஊரில் மற்ற மாடியெல்லாம் சிமெண்டு. அதில் ஆடினால் பிள்ளைகளின் முட்டி என்னாவது? ரூபினி ஏணியைப் பார்த்தாள். வீரமுத்து அதில் ஏறி, பலகை விழுந்த ஓட்டைக்குள் தலையை விட்டிருந்தார். டார்ச் வெளிச்சம் ஓரிடத்திலேயே நின்றது. வெகுநேரம் நின்றது.

“டீச்சர், நீங்களே வந்து பாருங்க.”

அவர் இறங்க, அவள் ஏறினாள். தளத்தைத் தாங்கும் சட்டங்கள் வரிசையாக ஓடின. இரண்டு சட்டங்களுக்கு நடுவே பெருக்கல் குறி போலக் குறுக்குக் கட்டைகள். மேல் முனைகளில் ஆணி முழுசாக இறங்கியிருந்தது. கீழ் முனைகளில், எல்லாவற்றிலுமே, ஆணி பாதிதான். தலை வெளியே நீட்டித் துருவேறிக் கிடந்தது.

“ஏண்ணே பாதியில விட்டுட்டாங்க?”

“ஈர மரம். அப்பவே ரெண்டு முனையும் அடிச்சா, சட்டம் காஞ்சு சுருங்கும்போது கட்டை பிளந்துடும். அதனால கீழ் ஆணியைச் சும்மா குத்தி வச்சுட்டு, காஞ்சப்புறம் வந்து அடிச்சு முடிக்கணும்.” அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். “வரல. கட்டையெல்லாம் கழண்டு தொங்குது. ஒரு சட்டத்தை மிதிச்சா பக்கத்துச் சட்டம் கை கொடுக்க மாட்டேங்குது. நாலு பேரு நடந்தாலே ஆடும்.”

மீரா சாகிபு சிரித்தார். “ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி கரையான் அரிச்சு மாத்துன தளம். காண்ட்ராக்ட் எடுத்துச் செஞ்ச சீன முதலாளி, அந்தத் தவுக்கே, போய்ச் சேந்துட்டாரு. செத்தவர் மேல பழி போடுறது சுலபம் தச்சரே. டீச்சர் கூட்டியாந்த ஆளு நீங்க, வேற எப்படிச் சொல்வீங்க? ஆணிதான் காரணம்னு காட்டுங்க, கிளாஸ் இங்கேயே நடக்கட்டும்.”

ரூபினி அந்த ஆணிகளைப் பார்த்தாள். துருப்பிடித்த ஆணி வாய் திறந்து சாட்சி சொல்லுமா?

வீரமுத்து தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு கடையின் மறுகோடியில், இன்னும் மூடியிருந்த சீலிங்கைக் காட்டினார்.

“பாய், கைகழுவுற இடத்துக்கு நேர் மேல இருக்குற பலகையைக் கழட்டுங்க. சட்டத்துல பென்சில்ல எழுதியிருக்கும். ‘கீழ் ஆணி, ஜூன் இருவது’.”

மீரா சாகிபு நம்பாமல்தான் ஏணியை நகர்த்தினார். பலகையை அவரே நெம்பினார். தூசி கொட்டியது. டார்ச்சை அடித்தவர், எழுத்து எழுத்தாக உதட்டை அசைத்துப் படித்தார். படித்ததையே மறுபடி படித்தார்.

“அலமாக்! அதேதான் இருக்கு. மூடிக் கிடந்ததைப் பாக்காமலேயே எப்படிச் சொன்னீங்க?”

வீரமுத்து ரூபினியின் முகத்தைப் பார்க்கவில்லை.

“திரும்பி வந்து அடிக்க வேண்டிய தேதி அது. எழுதுனதே நான்தான் பாய். தவுக்கேகிட்ட அப்ப வேலை பாத்தேன். அந்த ஜூன்ல சிங்கப்பூர்ல வேலை செய்ய பெர்மிட் கிடைச்சுது. யார்கிட்டயும் சொல்லாம கிளம்பிட்டேன்.”