எல், தொண்ணூற்றொன்பது

கறுத்த திரையில் எல் என்று ஓர் எழுத்து. அதன் பின்னால் 99, 99, 99 என்று திரை நிரம்பும்வரை. ஸ்டெனி கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடியும் போட்டான். மறுபடியும் எல். மறுபடியும் தொண்ணூற்றொன்பதுகள்.

"என்னலே, லாட்டரி எடுக்கியா?" என்றார் கிளீட்டஸ். கருங்கல் சந்திப்பில், மாடியில் இருக்கும் அந்தக் கல்யாண வீடியோ கடை அவருடையது.

கடையில் எடிட்டிங்குக்கு இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதில் விண்டோஸ். இஞ்சினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டு இங்கே வேலைக்கு வந்த ஸ்டெனி, பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றை வாங்கி, அதில் லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தைப் போட்டு, அதே பெட்டியில் மாட்டியிருந்தான். அடுத்த மாதம் திருவனந்தபுரத்தில் லினக்ஸ் பரீட்சை. தேறினால் கம்பெனிகளில் சர்வர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலைக்குப் போகலாம். தேறாவிட்டால் அடுத்தவன் கல்யாணத்தை வெட்டி ஒட்டிக்கொண்டு இங்கேயே கிடக்க வேண்டியதுதான். படித்துப் பார்க்க வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. கிளீட்டஸ் சம்மதித்தது ஒரே நிபந்தனையில்.

"எனக்க சோலி ஒரு நாள் முடங்கிச்சுன்னா ஒனக்க சாமானத்தத் தூக்கி வெளிய போட்டுருவேன், கேட்டியா?"

இன்று முடங்கிவிட்டது.

அந்த எல், லிலோ என்ற சின்ன நிரலின் முதல் எழுத்து. கம்ப்யூட்டரைப் போட்டதும் அதுதான் முதலில் எழும்பி, விண்டோஸா லினக்ஸா என்று கேட்டு, சொன்னதை எழுப்பிவிடும். அவ்வளவுதான் அதன் பிழைப்பு. யாரும் எதையும் அமுக்காவிட்டால் தானாக விண்டோஸுக்குப் போகும்படி நேற்று கடை அடைக்கும் நேரத்தில் ஸ்டெனி அதன் அமைப்பைத் திருத்தியிருந்தான். திருத்தி எழுதினால் மட்டும் போதாது, லிலோவை ஒருதரம் ஓட்டவும் வேண்டும். அப்போதுதான் திருத்தம் டிஸ்கில் ஏறும். ஓட்டினேனா? ஓட்டினேன். சரியாக ஓட்டினேனா? அங்கேதான் அவனுக்குத் தன்மேலேயே நம்பிக்கை இல்லை.

இன்றைக்கென்று பார்த்து சிஜோ வந்து நின்றான். போன மாதம் கல்யாணம் முடித்தவன், இன்று குவைத்துக்குத் திரும்புகிறான். கார் கீழே பெட்டிகளோடு நின்றது. கல்யாண வீடியோ முழுக்கத் தயார். டிவிடியில் எழுதித் தருவதுதான் பாக்கி.

"ஜின்சிய இங்க விட்டுட்டுப் போறேன் மக்கா. அந்த சீடியையாவது கொண்டு போவாண்டாமா?"

"இன்னும் கொஞ்ச நேரம் அண்ணே."

"நேரத்தேயும் இதத்தான சொன்ன? எனக்க கல்யாணப் பூசையே இம்புட்டு இழுக்கல்லலே."

ஸ்டெனி கீழே பிரவுசிங் சென்டருக்கு ஓடினான். அந்த எல் எழுத்தையும் தொண்ணூற்றொன்பதையும் பற்றி இணையத்தில் ஊர்ப்பட்ட பேர் புலம்பியிருந்தார்கள். டிஸ்க் செத்துவிட்டது என்றான் ஒருவன். கையேட்டைப் படி என்றான் இன்னொருவன். டிஸ்குகள் இடம் மாறியிருக்கலாம் என்று ஒருவன் எழுதியிருந்தான். யார் மாற்றப்போகிறார்கள் என்று ஸ்டெனி அதைத் தாண்டிப் போனான்.

மேலே வந்தபோது சிஜோ வாசலில் நின்று டிரைவரிடம் கத்திக்கொண்டிருந்தான்.

ஒரு வழி இருந்தது. விண்டோஸ் சீடியைப் போட்டு ஒரே ஒரு கட்டளை கொடுத்தால், லிலோ இருந்த இடத்தில் விண்டோஸ் தன் சொந்த ஆளை உட்கார்த்திவிடும். லிலோ அழிந்துபோகும். லினக்ஸுக்கு வாசல் இருக்காது. நிச்சயமாகவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. நிச்சயமாக என்று ஸ்டெனி அமுக்கினான்.

விண்டோஸ் பாட்டுப் பாடிக்கொண்டு எழும்பியது.

"மாதாவே," என்றார் கிளீட்டஸ்.

டிவிடி எழுத ஆரம்பித்தபோதுதான் ஸ்டெனி அதைக் கவனித்தான். கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு டிரைவ் தெரிந்தது. உள்ளே ஏதோ ஒரு ஞானஸ்நானத்தின் வீடியோ. அவன் மேசைக்கடியில் குனிந்தான். அந்தப் பெட்டிக்கு மூடியே கிடையாது. கேமராக்காரர்கள் ஆளுக்கொரு டிஸ்கோடு வருவார்கள், கிளீட்டஸ் ஏதாவது ஒன்றைப் பிடுங்கிவிட்டு அதை மாட்டுவார். அவசரத்துக்கு ஸ்டெனியும் அப்படிச் செய்திருக்கிறான். இப்போது கேபிளில் தொங்கியது, பிளாஸ்திரியில் 'பெனின் ஞானஸ்நானம்' என்று எழுதி ஒட்டிய டிஸ்க். அவனுடைய டிஸ்க் தரையில், தினத்தாள் மேல் கிடந்தது.

"அண்ணே, இத யாரு மாட்டினா?"

"நான்தான், காலத்த வந்ததும். அதுல இருந்த டிஸ்க்கு சும்மாத்தான கெடந்துது."

"சும்மா கெடக்கலண்ணே, அது எனக்க டிஸ்க்கு. லிலோவுக்க பாதி அதுலயாக்கும் இருக்கு. அதப் பிடுங்கினா லிலோ எங்க போய்த் தேடும்?"

"ஒரு வயரப் பிடுங்கினா செத்துப்போற சாமானம் எனக்கு எதுக்குலே?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் ஆத்திரம். சிஜோ டிவிடியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கிப்போனான். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

"லிலோவ தனியா ஒரு பிளாப்பியில போட்டுக்கிடுகேன் அண்ணே. ஒங்க டிஸ்க்கத் தொடவே மாட்டேன்."

"நாளைக்கு நான் பிளாப்பியப் பிடுங்கிருவேன். அதுக்கும் என்னயத்தான் சொல்லுவ." கிளீட்டஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ரெண்டும் இங்க ஒண்ணா கெடக்காது. சோலி வேணுமா, அது வேணுமா?"

"சோலிதான்."

யோசிக்கவே இல்லை. சொல்லி முடித்த பிறகுதான் பரீட்சை ஞாபகத்துக்கு வந்தது. அவ்வளவு சீக்கிரம் வாயில் வந்துவிட்டதே என்று தன்மேலேயே அவனுக்கு வெறுப்பாக இருந்தது.

"அப்பம் அந்த ஞானஸ்நானத்தத் தெற. பிள்ள அழுகதுக்கு மேல ஒரு பாட்டப் போட்டு விடு."

ஸ்டெனி திறந்தான். தலையில் தண்ணீர் விழுந்ததும் குழந்தை கடை அதிர வீறிட்டது. சத்தத்தைக் குறைக்க அவன் அவசரப்படவில்லை.