தைல மரத்தடியில் இரண்டு ஆசாரியர்கள்

சென்டர் யூடெய்கின் தன் எழுபத்தோராம் வயதில் யூத ஆசாரிய வம்சத்தவர் ஆனார். ஆக்கியது தபாலில் வந்த ஒரு பொட்டலம்.

யூதப் புத்தாண்டு முடிந்து மூன்றாம் நாள் அது வந்தது. புவெனஸ் ஐரிஸில் இருக்கும் பெரியப்பா பேரன், கொள்ளுத்தாத்தாவின் கல்லறைக் கல்லை யாரோ எப்போதோ எடுத்த புகைப்படத்தைத் தேடிப் பிடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டே அனுப்பியிருந்தான். கல்லின் மேற்பகுதியில் செதுக்கிய இரண்டு கைகள். கல்லறையில் கைகள் இருந்தால் கீழே படுத்திருப்பவர் ஆசாரியர். இது தென்னாப்பிரிக்க ஊரான க்ளிப்டிரிஃப்டில் யூதர் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சென்டரின் அப்பா பத்து வயதில் அநாதையாகக் கப்பலேறி ஆப்பிரிக்கா வந்தவர். வம்சம் இன்னதென்று சொல்ல அவருக்கு யாரும் இல்லை.

"ஃப்ரெய்டா, இதைப் பாரு. நான் அப்பவே சொல்லலே? நம்ம ரத்தத்துல ஏதோ இருக்குன்னு?"

அவர் மனைவி ஃப்ரெய்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "ஏங்க, ஆசாரியர் பொணத்தைத் தொடக்கூடாது, பொணம் இருக்கிற கூரைக்குள்ள போகவும் கூடாதே. நாப்பது வருஷமா அடக்கச் சங்கத் தலைவரா இருந்து எத்தனை பேரைக் குளிப்பாட்டியிருக்கீங்க?"

"தெரியாம செஞ்சது."

"உங்கப்பா? சங்கத்தை ஆரம்பிச்சதே அவருதானே?"

"அவருக்கும் தெரியாது."

"நல்ல குடும்பம்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

சென்டர் அன்றே சங்கத்தின் சாவியை ஓட்டல் நடத்தும் மோட்கேயிடம் ஒப்படைத்தார். வலித்தது. அப்பா கையிலிருந்து வந்த சாவி. ஆனால் அதைவிடப் பெரிய காரியம் ஒன்று அவர் நெஞ்சில் இருந்தது. ஊரிலிருந்த ஒரே ஆசாரியர் ஃபிஷெல் காகன். காற்றாலைக்கு உதிரிபாகம் விற்பவர். ஜெப ஆலயத்தில் வேதமான தோராவை வாசிக்கும்போது முதலில் கூப்பிடுவது ஆசாரியரை, இரண்டாவது லேவியரை. ஊரில் லேவியர் இல்லாததால் இரண்டாவது அழைப்பும் ஃபிஷெலுக்கே. பண்டிகை நாட்களில் போர்வைக்குள் கையை விரித்து ஊரையே ஆசீர்வதிப்பதும் அவரே. நாற்பது வருஷமாக அந்த ஆசீர்வாதத்துக்குத் தலை குனிந்து குனிந்து சென்டருக்குக் கழுத்து வலியே வந்துவிட்டது. வருகிற பாவ நிவிர்த்தி நோன்பு நாளில் அவரும் மேடை ஏறுவார். தோளோடு தோள் நிற்பார்.

அந்த நாளுக்கு மூன்று நாள் முன்பு, தீக்கோழி இறகு வியாபாரி ஹிர்ஷ்பெர் காலமானார்.

இடுகாட்டு வாசலில் இருந்த சின்னக் குளிப்பாட்டும் அறைக்குள் மோட்கேயும் சங்கத்தார் இரண்டு பேரும் போனார்கள். சென்டர் பாதையின் எதிர்ப்பக்கம், தைல மரத்தடியில், படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறைப்பாக நின்றார். அங்கே ஏற்கெனவே ஒரு மடக்கு நாற்காலியில் ஃபிஷெல் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க, வாங்க. நாப்பது வருஷமா ஒவ்வொரு சாவுக்கும் இங்க நான் தனியாத்தான். நாற்காலி கொண்டாரலையா? பதினோரு மணிக்கு நிழல் அந்தாண்ட போயிடும்."

"ஆசாரியருக்கு நிக்கத் தெரியும்" என்றார் சென்டர்.

ஜன்னல் வழியாக மோட்கேயின் குரல் வந்தது. "இடுப்புக் கயித்துக்கு எத்தனை முடிச்சு?"

சென்டரால் பொறுக்க முடியவில்லை. "முடிச்சே கூடாதுடா! முறுக்கிச் சொருகு!"

"எத்தனை முறுக்கு?"

"நாலு! அங்கி சரியா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. பையி கூட இருக்கு."

"பையா!" சென்டருக்கு முகம் சிவந்தது. "பொணத்துக்கு எதுக்குடா பை? அது உன் வெள்ளைப் பண்டிகை அங்கிடா, மடையா! ஃப்ரெய்டா உனக்கு வெளுத்துக் கொடுத்ததை அங்கேயே வெச்சிருந்தேன். பொண அங்கி இடது அலமாரியில, பாரு!"

"இடதுன்னா, உள்ள வரும்போதா, வெளிய போகும்போதா?"

ஃபிஷெல் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "இந்த வேகத்துல போனா ஹிர்ஷ்பெர் தானே எழுந்து உடுத்திக்குவாரு."

சென்டரின் கால்கள் தாமாக ஓரடி முன்னே போயின. அப்பா ஆரம்பித்த சங்கம். அதில் ஒரு மனிதனை அடுத்தவன் அங்கியோடு மண்ணுக்குள் அனுப்பப் போகிறார்கள். ஆனால் போனால் ஆசாரியர் பட்டம் போச்சு. அவர் ஓரடி பின்னே வந்தார்.

"அந்தப் படத்தைக் கொடுங்க, பாக்கலாம்" என்றார் ஃபிஷெல். வாங்கி வெயிலில் சாய்த்துப் பார்த்தார். சிரிப்பு நின்றது. தன் இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, விரல்களை இரண்டிரண்டாகப் பிரித்து விரித்தார். "நாங்க ஆசீர்வதிக்கிறது இப்படி. எங்க கல்லுலயும் இப்படித்தான் இருக்கும். இதுல பாருங்க, பத்து விரலும் மடங்கியிருக்கு. எதையோ பிடிச்சிருக்கு."

"எதைப் பிடிக்கும்?"

ஃபிஷெல் சட்டத்தின் பின்பலகையைக் கழற்றினார். சட்டத்துக்குள் அடங்காததால் பெரியப்பா பேரன் படத்தின் அடிப்பகுதியை மடித்து வைத்திருந்தான். பிரித்தால் கைகளுக்குக் கீழே ஒரு கூஜா. வயிறும் மூக்கும் பிடியுமாக, அழகான கூஜா.



"லேவியர்" என்றார் ஃபிஷெல். "ஆசாரியர் கைக்குத் தண்ணி ஊத்துற வம்சம். பொணத்தைத் தொடலாம், ஒரு தடையும் இல்ல. உங்கப்பா, நீங்க, ரெண்டு பேருமே ஒரு தப்பும் செய்யலை, சென்டர்."

சென்டர் படத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கோட்டைக் கழற்றி மரக்கிளையில் மாட்டினார். முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு, ஓடாமல், ஆனால் நடை என்று சொல்லமுடியாத வேகத்தில் பாதையைக் கடந்தார். அரை மணி நேரத்தில் ஹிர்ஷ்பெர் பையில்லாத அங்கியில், நாலு முறுக்குக் கயிற்றோடு, மரியாதையாகப் புறப்பட்டார். சாவி மறுபடி சென்டரிடம் வந்தது. மோட்கே அதை நீட்டிய வேகத்தைப் பார்த்தால், சாவி அவன் கையைச் சுட்டிருக்க வேண்டும்.

பாவ நிவிர்த்தி நாள் காலையில் தோரா வாசிப்புக்கு முதலில் ஃபிஷெலைக் கூப்பிட்டார்கள். வாசிப்பு முடிந்ததும், வழக்கம்போல இரண்டாவது அழைப்பும் தனக்கே என்று அவர் மேசையை விட்டு நகராமல் நின்றார். வெள்ளை அங்கியில் சென்டர் மேலேறி வந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். அதைச் சொல்வதில் இருந்த சுகத்துக்கு ஒரு நாள் பட்டினி பெரிதல்ல.

நடுப்பகலில் ஆசீர்வாதத்துக்கு நேரம் வந்தது. முன்கூடத்துத் தொட்டியருகே ஃபிஷெல் கைகளை நீட்டி நின்றார். சென்டர் கூஜாவோடு நின்றார். முதுகு வளையவில்லை, கூஜாவை மட்டும் சாய்த்தார்.

"மெதுவா, மெதுவா. சட்டைக்கை நனையுது."

"நேத்து சாயங்காலத்திலேருந்து இந்த ஊர்ல ஒருத்தன் தொண்டையிலும் ஒரு சொட்டு இறங்கலை. உங்களுக்கு மட்டும் ஒரு கூஜா நிறைய. பேசாம வாங்கிக்குங்க."

"ஒவ்வொரு பண்டிகைக்கும் நீங்கதானா இனிமே?"

"வம்சம் அப்படி" என்றார் சென்டர். துண்டை நீட்டினார். "அடுத்த சாவுக்கு அந்த நாற்காலியைக் கொஞ்சம் இந்தாண்ட போட்டுக்குங்க. அங்கிருந்து நீங்க கத்தினா, உள்ள இருக்கிற எனக்கு ஜன்னல் வழியாச் சரியாக் கேக்காது."