இரண்டாவது பகுதி

ஹைதராபாத் அமீர்பேட்டையில் ஹைமா மேடத்தின் கடைசி வகுப்பு என்றால் உட்கார இடம் கிடைக்காது. அமெரிக்க மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வை எழுதப் போகிறவர்கள் மட்டுமல்ல, போன மாதம் எழுதி முடித்தவர்களும் வந்து சுவரில் சாய்ந்து நிற்பார்கள். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது, ஏ.சி. ஓடுகிறதா என்று கையை நீட்டித்தான் பார்க்க வேண்டும். அறுபது நாற்காலிக்கு நூறு பேர். அன்றைக்குக் கணக்கும் இல்லை, வார்த்தைப் பட்டியலும் இல்லை. எல்லோரும் காத்திருப்பது கடைசிப் பத்து நிமிஷ நடிப்புக்கு.

"கணக்குல ரெண்டு பகுதி வரும்," என்று ஆரம்பிப்பாள் ஹைமா. "முதல் பகுதிய நீங்க எழுதுவீங்க. மெஷின் உங்கள எடை போடும். நல்லா எழுதினவனுக்கு ரெண்டாவது பகுதிய கஷ்டமா கொடுக்கும். சொதப்பினவனுக்கு, போனா போகுதுன்னு ஈஸியா கொடுக்கும். அந்த ஈஸியில அத்தனையும் சரியா போட்டாலும் பெரிய மார்க் வராது. அதனால, ரெண்டாவது பகுதி கஷ்டமா வந்தா?"

"கைதட்டு!" என்று வகுப்பு கத்தும்.

"ஈஸியா வந்தா?"

"கர்ச்சீப்ப எடு!"

உடனே ஹைமா துப்பட்டா முனையால் கண்ணைத் துடைத்து, மூக்கை உறிஞ்சி, தலைக்கு மேலே போகும் விமானத்துக்கு டாட்டா காட்டுவாள். யாரோ ஒரு பையன் அதைப் படமெடுத்துப் போட்டதில் நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். கோச்சிங் சென்டர் முதலாளி மல்லேஷம், ஹைமாவின் படத்துக்குப் பக்கத்தில் 'கைதட்டத் தயாரா?' என்று போட்டு மெட்ரோ தூண் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்.

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மெஷின் அப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் ஒரு பகுதி கஷ்டமா, ஈஸியா என்பதை எழுதுகிறவன் எப்படிக் கண்டுபிடிப்பான் என்று அந்த நூறு பேரில் ஒருத்தரும் கேட்டதில்லை. ஹைமாவும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

ஹைமாவுக்கு முப்பத்திரண்டு வயது. ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறாள். ஒரு காலத்தில் அவளே அமெரிக்கா போக வேண்டியவள், விசா ரிஜெக்ட் ஆகிவிட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அமீர்பேட்டையில் விசா ரிஜெக்ட் ஆவது அவமானமே இல்லை. கவுண்டரில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரனுக்கு அன்று காலை பெண்டாட்டியோடு சண்டை என்று தெருவே கூடி சமாதானம் சொல்லும். மார்க் குறைந்தால்தான் தப்பு உன்னுடையது.

ஹாஸ்டலில் அவளுடைய அறையில் அடுத்த கட்டில் ஸ்பூர்த்தியுடையது. ஜகித்தியாலா பக்கத்துப் பெண், விவசாயப் பட்டம் படித்தவள். நெற்பயிரில் வரும் குலைநோயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகும். அதே நோயை ஆராய்கிற ஒரு பேராசிரியர் அமெரிக்காவிலிருந்து கடிதம் எழுதியிருந்தார்: ஒரே ஒரு இடம் இருக்கிறது, உன்னை எடுத்துக்கொள்ள எனக்கு ஆசை, ஆனால் எங்கள் துறை ஜி.ஆர்.இ. மார்க் இல்லாமல் விண்ணப்பத்தைத் திறக்காது, டிசம்பர் பதினைந்துக்குள் அனுப்பு. அந்தக் கடிதத்தை ஸ்பூர்த்தி அச்செடுத்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தாள். விசா கேட்கிறவர்கள் வரிசைகட்டும் சில்கூர் பாலாஜி கோயிலுக்குப் போய்ப் பதினோரு சுற்றும் சுற்றிவிட்டு வந்தாள். அங்கே வழக்கம் அதுதான். கேட்பதற்குப் பதினொன்று, கிடைத்த பிறகு நூற்றியெட்டு.

நவம்பர் மூன்றாவது சனிக்கிழமை அவளுக்குத் தேர்வு. மத்தியானம் ஹைமா ஹாஸ்டலுக்கு எதிரேயிருந்த இரானி ஹோட்டலில் இரண்டு டீயும் ஒரு தட்டு உஸ்மானியா பிஸ்கட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். ஸ்பூர்த்தி வந்தாள். பையைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.

"என்னடி, முடிஞ்சுதா?"

"முடிச்சிட்டேன்கா."

"மார்க் எவ்வளவு காட்டுச்சு? வாயத் திறந்து சொல்லு, மல்லேஷம் சாருக்கு மூக்குல வேர்த்து ரெண்டு தடவ போன் பண்ணிட்டாரு."

"பாக்கல." ஸ்பூர்த்தி ஒரு பிஸ்கட்டை எடுத்து டீயில் முக்கினாள். "ரெண்டாவது பகுதி ஈஸியா வந்துச்சுக்கா. அதான், கேன்சல் பண்ணிட்டேன்."

ஹைமா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். தேர்வின் முடிவில் கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்கும். மார்க்கை ஏற்றுக்கொள்கிறாயா, ரத்து செய்கிறாயா? ஏற்றுக்கொண்டால்தான் திரையில் காட்டும். ரத்து செய்தால் எழுதியவளுக்கே என்ன மார்க் என்று தெரியாது.

"யாரக் கேட்டுடி கேன்சல் பண்ணே?"

"உங்களத்தான்." ஸ்பூர்த்தி சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "ஈஸியா வந்தா கர்ச்சீப்ப எடுன்னீங்கல்ல. உள்ள கர்ச்சீப் கொண்டுபோக விடலக்கா. கேன்சல அமுக்கிட்டேன். கேவலமான மார்க் அந்த ப்ரொஃபசர் கண்ணுல படக் கூடாது. ஜனவரி வரைக்கும் தேதி எல்லாம் ஃபுல். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷம் அந்த இடம் இருக்காது என்று இரண்டு பேருக்குமே தெரியும். முக்கின பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது. ஸ்பூர்த்தி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன மாதிரி கணக்கு வந்துச்சு?" என்றாள் ஹைமா.

"சொல்லக் கூடாதுன்னு உறுதிமொழி வாங்கியிருக்காங்க."

"நம்பர மாத்திச் சொல்லு. நான் என்ன யூட்யூப்ல போடவா போறேன்?"

ஸ்பூர்த்தி பையிலிருந்து பேனாவை எடுத்து ஹோட்டல் டிஷ்யூ தாளில் வட்டம் ஒன்று போட்டாள். "ஆறு பேரு, வட்ட மேசை, இவளும் இவனும் பக்கத்துல பக்கத்துல உக்காரக் கூடாது. எத்தன விதமா உக்காரலாம்? எழுபத்திரண்டு. மனசுலயே போட்டுட்டேன். இது மாதிரி அஞ்சாறு. அப்புறம் திட்ட விலக்கம் ரெண்டு, மீதி கண்டுபிடிக்கிறது ஒண்ணு, அதுவும் ஒரே வரில வந்துருச்சு. முதல் பகுதிலகூட ஒரு கணக்குல முழிச்சேன். இதுல முழிக்கவே இல்லக்கா. அவ்வளவு ஈஸி."

ஹைமா அந்த வட்டத்தைப் பார்த்தாள். அந்த வகைக் கணக்கை வகுப்பில் போட்டுக் காட்டும்போது பலகையில் பாதி நிறைந்துவிடும். நூறு பேரில் நாலு பேர் தலையாட்டுவார்கள். பத்தொன்பது வயதிலிருந்து கணக்கோடு மல்லுக்கட்டுகிற ஹைமாவுக்கே பேனா இல்லாமல் முடியாது. இவளோ நாலு மாதம் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு ஆயிரம் கணக்குப் போட்டவள்.

"அடிப் பாவி, அது ஈஸியான பகுதி இல்லடி," என்றாள். "அதுதான் கஷ்டமான பகுதி. உனக்குத்தான் ஈஸியா இருந்துருக்கு."

சொல்லி முடித்ததும் இரண்டாயிரத்துப் பதினாலு நவம்பர் அவள் முன்னால் வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு அவளுக்கும் பேனா தயங்கவில்லை. ஒரு கேள்விகூட உறுத்தவில்லை. ஹாஸ்டல் சீனியர்கள் சொல்லியிருந்தார்கள், ஈஸியாக வந்தால் ஆள் அவுட் என்று. அவளும் அதே பொத்தானை அமுக்கியவள்தான்.

"அறுபது நாளைக்குள்ள கேட்டா கேன்சல் பண்ண மார்க்க திரும்பக் கொடுப்பாங்க," என்றாள் ஹைமா. குரல் அவளுக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. "இன்னைக்கே கேளு. டிசம்பர் முதல் வாரம் வந்துரும்."

"வேணாம்கா." ஸ்பூர்த்தி தலையை ஆட்டினாள். "இப்ப ஊர்ல கேட்டா கேன்சல்னு சொல்லிக்கலாம். நம்பர் வந்துட்டா அப்புறம் அந்த நம்பர்தான் நான். எங்க சித்தப்பா பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாரு, நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவாரு. நீங்க சும்மா ஆறுதலுக்குச் சொல்றீங்க. கஷ்டமான பகுதின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"எப்படி?"

ஹைமா சுற்றும்முற்றும் பார்த்தாள். அடுத்த மேசையில் அவளுடைய பழைய மாணவர்கள் மூன்று பேர் சமோசா தின்றுகொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு விசா ரிஜெக்ட் ஆகல. நான் விசாவுக்கே போகல. உன்ன மாதிரியே ஈஸியா இருக்குன்னு கேன்சல் பண்ணிட்டு வந்தேன். அறுபது நாள் ரூல் எனக்கும் தெரியும். ஒவ்வொரு நாளா எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தேன். கம்மியா வந்துருமோன்னு பயம். அறுபத்தோராம் நாள் மல்லேஷம் சார்கிட்ட வேலை கேட்டுப் போனேன். ஏன்மா போகலன்னு கேட்டாரு. விசா ரிஜெக்ட்னு சொன்னேன்."

ஸ்பூர்த்தி பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"அந்த கர்ச்சீப் நடிப்ப ஏன் பண்றேன்னு இன்னைக்குத்தான் புரியுது," என்றாள் ஹைமா. "நான் கேன்சல் பண்ணது சரிதான்னு ஒன்பது வருஷமா நூறு நூறு பேரா கைதட்ட வச்சிருக்கேன்."

அவள் கண் கலங்கியது. அது நடிப்பில்லை என்பது ஸ்பூர்த்திக்குத் தெரிந்தது. ஸ்பூர்த்தி தன் போனை எடுத்துத் தேர்வு நடத்துகிறவர்களின் இணையதளத்தைத் திறந்தாள். மார்க்கைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்தை அனுப்பும் முன் ஒரு நிமிஷம் விரலைத் தூக்கியே வைத்திருந்தாள். அப்புறம் அமுக்கினாள்.

அதற்குப் பிறகு வந்த பதினாறு நாளும் அந்த அறையில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. மார்க் குறைவாக வந்தால் ஸ்பூர்த்தியின் கதி என்ன என்று ஹைமாவுக்குப் பயம். நிறைய வந்தால் தன் கதி என்ன என்று அதைவிடப் பெரிய பயம். இரண்டாவது பயத்தை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் அது போகவில்லை.

இடையில் இன்னொரு கடைசி வகுப்பு வந்தது. நூறு போன்கள் உயர்ந்தன. மல்லேஷம் சார்கூடக் கதவோரம் வந்து நின்றார்.

"ரெண்டாவது பகுதி எப்படி வருதுன்னு நீங்க பாக்காதீங்க," என்றாள் ஹைமா. "உங்களால கண்டுபிடிக்க முடியாது. உங்களுக்கு ஈஸியா இருந்தா நீங்க நல்லா படிச்சிருக்கீங்கன்னும் இருக்கலாம். பதில் எழுதுங்க, மார்க்க வாங்கிட்டு வாங்க. கேன்சல் மட்டும் பண்ணாதீங்க. அவ்வளவுதான், வகுப்பு முடிஞ்சுது."

போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. படியிறங்கும்போது மல்லேஷம் பின்னாலேயே வந்தார். "என்னம்மா ஹைமா, உடம்பு சரியில்லையா? அந்த டாட்டா சீனுக்காகவே கரீம்நகர்ல இருந்து பஸ் ஏறி வந்துருக்காங்க. ஃப்ளெக்ஸ நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"கழட்டிருங்க சார்."

"கழட்டறதா! நாலு லட்சம் பேரு பாத்துருக்காங்கம்மா!"

"அதான் சார் பயமா இருக்கு," என்றாள். அவருக்குப் புரியவில்லை.

டிசம்பர் ஐந்தாம் தேதி காலை, தலைக்குக் குளித்த ஈரத்தோடு ஸ்பூர்த்தி போனை ஹைமாவிடம் நீட்டினாள். "நீங்களே பாருங்கக்கா. எனக்கு முடியாது."

ஹைமா பார்த்தாள். கணக்கில் நூற்று எழுபதுக்கு நூற்று அறுபத்தெட்டு. ஆங்கிலத்தில் நூற்று ஐம்பத்தெட்டு. அந்தப் பேராசிரியரின் துறைக்கு இதைவிடக் குறைந்த மார்க்கே போதும்.

"சொல்லுங்கக்கா! கம்மியா?"

"முந்நூத்தி இருபத்தாறுடி, கழுதை," என்றாள் ஹைமா.

ஸ்பூர்த்தி அலறிய அலறலில் பக்கத்து அறைப் பெண்கள் ஓடி வந்தார்கள். ஹைமா அவளைக் கட்டிக்கொண்டாள். சந்தோஷம்தான், அதில் பொய்யில்லை. ஆனால் கட்டிக்கொண்ட கைக்குள்ளேயே பொறாமை எரிந்தது. அந்தப் பெண்ணின் மீது இல்லை. அவளுக்கு ஒரு எண் கிடைத்துவிட்டது, தன்னுடையது எந்தக் கம்ப்யூட்டரிலும் இனி இல்லை, இனி யாரைக் கேட்டாலும் கிடைக்காது. ஹைமா குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நெஞ்சு வலிக்க அழுதுவிட்டு வந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சில்கூருக்குப் போனார்கள். விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது, பேராசிரியரிடமிருந்து இரண்டு வரி சந்தோஷமும் வந்துவிட்டது.

"விசா வந்தப்புறம்தானே எல்லாரும் நூத்தியெட்டு சுத்துவாங்க?" என்றாள் ஹைமா.

"நான் மார்க்குக்குத்தான் வேண்டிக்கிட்டேன். விசாவுக்குத் தனியா ஒரு பதினொண்ணு போட்டுக்கலாம். சாமிகிட்ட கணக்க கலக்கக் கூடாது."

சுற்றுகளை எண்ணுவதற்கு வாசலில் விற்கிற கட்டம் போட்ட அட்டையில் ஸ்பூர்த்தி இரண்டு வாங்கினாள். ஹைமா வேண்டாம் என்று சொல்லவில்லை. துணைக்குக் கொஞ்ச தூரம் நடக்கலாம் என்று நினைத்தாள். செருப்பில்லாத காலுக்குக் கல் குளிர்ந்திருந்தது. கூட்டம் இடித்துத் தள்ளிக்கொண்டு போனது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கட்டத்தில் கோடு.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் அவள் பதினொன்று சுற்றியிருக்கிறாள். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவேயில்லை. கேட்டேன், கொடுக்கவில்லை, அவருக்கும் எனக்கும் பேச்சில்லை என்று இருந்துவிட்டாள். சில்கூர் போகிறோம் என்று மாணவர்கள் சொன்னால் உதட்டைச் சுழித்திருக்கிறாள்.

பதினோராவது சுற்று முடிந்தபோது ஸ்பூர்த்தி திரும்பிப் பார்த்தாள். ஹைமாவுக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது.

"அக்கா, நீங்க போய் நிழல்ல உக்காருங்க. உங்களுக்குப் பதினொண்ணு ஆச்சு. புதுசா எதுவும் வேண்டிக்கணும்னா அது போதும்."

"புதுசா ஒண்ணும் வேண்டல," என்றாள் ஹைமா. "பழசுதான்."

"அதான் கிடைக்கலயே?"

"கொடுத்திருப்பாருடி. நான்தான் பாக்காம திருப்பிக் கொடுத்துட்டேன்."

பின்னால் வந்தவர்கள் நகரச் சொன்னார்கள். ஹைமா பன்னிரண்டாவது கட்டத்தில் கோடு போட்டுவிட்டு நடந்தாள்.