கொழுப்பைக் கரைக்கும் மாத்திரை

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரியின் பெயரில் ஊருக்கெல்லாம் மெயில் போயிருந்தது: "கொழுப்பைக் கரைக்கும் மாத்திரை, ஒரே வாரத்தில் பலன்!" எந்தப் புண்ணியவானோ அவளுடைய முகவரியைப் போலியாகப் போட்டு அனுப்பிவிட்டான். வாடிக்கையாளர்கள் காலையிலிருந்து போனிலும் மெயிலிலும் அவளை வறுத்தெடுத்தார்கள். கண்ணைப் பார்க்கச் சொன்னால் இடுப்பையும் பார்த்துவிட்டாள் என்று நினைத்தார்களோ என்னவோ!

அந்த வசவுகளுக்கு நடுவே தங்கையின் பதிலும் கிடந்தது.

"இத்தனை வருஷம் வாயே திறக்காம இருந்துட்டு, முதல்ல அனுப்பறது இதுவா? கொழுப்பு உனக்குத்தான் அக்கா. நீயே முழுங்கு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. சின்ன வயதில் தங்கை பூசணி, இவள் ஒட்டடைக்குச்சி. அப்படிக் கூப்பிட்டுக்கொண்டவர்கள் ஏதோ ஒரு பேச்சில் முறுக்கிக்கொண்டார்கள். அவளே முதலில் பேசட்டும் என்று இரண்டு பேருக்கும் வீம்பு. போனை எடுத்து எடுத்துக் கீழே வைத்து, தங்கையின் குரலுக்கு இவள் ஏங்கிப்போயிருந்தாள். இப்போது அக்காதான் இறங்கி வந்திருக்கிறாள் என்று தங்கை நம்பிவிட்டாள். நம்பட்டுமே, என்ன குடிமுழுகிப் போகிறது?

மதியம் கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர் வந்தார்.

"பாஸ்வேர்டெல்லாம் பத்திரமா இருக்குங்க. கவர் மேல அனுப்பினவர்னு உங்க பேரை எவன் வேணாலும் எழுதலாமில்ல, அந்தக் கதைதான். கள்ள மெயிலைத் தடுக்க செட்டிங் மாத்திட்டேன். பதில் போட்டவங்களுக்கும் உங்க மெயில்லேர்ந்தே தகவல் அனுப்பிட்டேன்."

"என்னன்னு?"

"அதை நான் அனுப்பலை, தயவுசெஞ்சு இனிமே பதில் போடாதீங்கன்னு."

"எல்லாருக்குமா?"

"ஒருத்தர் விடாம!" என்றார் பெருமையாக.

அப்படியென்றால் தங்கைக்கும் போயிருக்கிறது. நல்லது செய்த மனுஷனை என்னவென்று திட்டுவது? அவர் போனதும் தங்கைக்கு எழுதினாள்: "அது நான் இல்லை. இது நான்தான். உன்கூடப் பேசணும் போல இருக்கு."

கடை சாத்தும் நேரத்தில் பதில் வந்தது.

"நீதான்னு எப்படி நம்பறது?"

வீம்பெல்லாம் எந்தப் பக்கம் போனதோ, அவள் போனை எடுத்து நம்பரை அழுத்திவிட்டாள். அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"பூசணி..." என்றாள்.

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"மாத்திரை வந்தப்பகூட சிரிச்சேன்டி, ஒட்டடைக்குச்சி. அதை நீ அனுப்பலைன்னு வந்துச்சு பாரு, அப்பதான் அழுதுட்டேன்."