அக்கா அடைத்த மீன்

என் வீட்டுக்காரர் உணவு ஆய்வாளர். முந்தின நாள் குழம்பைச் சூடுபண்ணி விற்றதற்காக ஓர் ஓட்டலையே இழுத்து மூடியவர். அவருடைய அக்கா ஆறு வருஷத்துக்கு முன்பு வீட்டில் வேகவைத்து, கண்ணாடி பாட்டிலில் அடைத்துக் கொடுத்த மீன் நேற்று அலமாரியில் அகப்பட்டது. மூடி தொப்பை போட்டிருந்தது.

"குப்பையில போட்டுடவா?" என்றேன்.

பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அக்கா கை சுத்தமான கை. ஒண்ணும் ஆகாது."

திறந்தேன். உஸ்ஸென்று காற்று வந்தது. அத்தனையையும் தட்டில் கொட்டி அவர் முன்னால் வைத்தேன். தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"மத்தியானம் சாப்பிட்டதே எனக்குச் செரிக்கல. நீ சாப்பிடு."

"அப்ப உங்க அக்காவையும் வரச் சொல்றேன், சேர்ந்து சாப்பிடுறோம்" என்று போனை எடுத்தேன்.

தட்டைப் பிடுங்கிக்கொண்டு குப்பைத்தொட்டிக்கு ஓடினார். அக்கா மேல் அவ்வளவு பாசம்.