உப்புப் பார்ப்பது சாப்பாடு ஆகுமா?

என் மனைவி ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் தலைமைச் சமையல்காரி. அங்கே எல்லோரும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று ஷிப்டுக்கும் அடுப்பு அணையாத இடம். அவள் புருஷனாக இருந்த பாவத்துக்கு எனக்கு வயிறு முன்னால் போகும், நான் பின்னால் போவேன். நான் லிஃப்ட் மெக்கானிக். "இந்த உடம்ப வச்சுக்கிட்டு நீ ஏறினா லிஃப்ட்டே பயப்படும்" என்று எங்கள் சூப்பர்வைசர் சொல்லாத நாள் கிடையாது.

அவளுக்கு ஒரே தம்பி. அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் மெஷினோடு கட்டுண்டு கிடந்தான். தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். அவன் மனைவியின் ரத்தம் அவனோடு சேரவில்லை. அம்மா அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. என் மனைவிக்கு எல்லாம் பொருந்தியது. "நான் தர்றேன்" என்றாள். சொல்ல என்ன இருக்கிறது? இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி.

ஆனால் டாக்டரம்மா மசியவில்லை. ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"எடை அதிகம். ஈரல்ல கொழுப்பு. சர்க்கரை எல்லையில நிக்குது. இப்ப நான் ஒரு கிட்னிய எடுத்துட்டா, கொஞ்ச வருஷத்துல நீங்களே இதே மெஷினுக்கு வந்து நிப்பீங்க. மூணு மாசச் சர்க்கரைச் சராசரி இறங்கட்டும், எடுக்கறேன். இறங்கலன்னா நீங்க உருண்டு புரண்டு அழுதாலும் எடுக்க மாட்டேன்."

"தம்பி அதுவரைக்கும் தாங்குவானா டாக்டர்?"

"இந்த வருஷம் தாங்குவார். அதுக்கு மேல ஆபரேஷனை அவர் இதயம் தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது."

அங்கிருந்து உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். சின்னப் பெண், பேச்சு மட்டும் கறாராக இருந்தது. செடியில் விளைந்ததாக இருக்க வேண்டும், ஆலைக்குள் போய் வந்ததாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். பயறு, பருப்பு, கீரை, கிழங்கு, காய், பழம், தீட்டாத தானியம், கைப்பிடி கொட்டை. கறி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை. வெள்ளைச் சர்க்கரையும் மைதாவும் பக்கத்தில் வரக் கூடாது. எண்ணெய் ஒரு சொட்டுக்கூட வேண்டாம் என்றாள். "எண்ணெய் இல்லாம எப்படிம்மா வதக்கறது?" என்று கேட்டேன். "தண்ணியில வதக்குங்க சார்" என்று சிரிக்காமல் சொன்னாள்.

பிள்ளைகள் இரண்டும் வெளியூரில் படிக்கிறார்கள், தப்பித்தார்கள். மாட்டிக்கொண்டது நான். எண்ணெய்ச் சட்டி பரணில் ஏறியது. ஃபிரிட்ஜைத் திறந்தால் தோட்டம் மாதிரி இருந்தது. முதல் வாரம் முழுக்க நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சாப்பிட்டேன். "நான் புருஷனா, வீட்ல கட்டி வச்ச மாடா?" என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். "மாடு இவ்வளவு பேசாது" என்றாள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். மெல்ல மெல்ல அது பழகிப்போனது. பூசணிக்காயை வேகவைத்து மிளகு தூவித் தருவாள், இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். காராமணியும் தக்காளியும் சேர்ந்து கொதித்தால் ஆளை அசத்துகிறது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது. மூச்சு வாங்காமல் மாடி ஏறினேன். சூப்பர்வைசருக்குப் பேச விஷயமே இல்லாமல் போய்விட்டது.

மூன்று மாதம் கழித்துச் சோதனைக்குப் போனோம். ஆசைக்கு நானும் ரத்தம் கொடுத்தேன். எனக்கு எல்லாமே இறங்கியிருந்தது. அவளுக்குச் சர்க்கரை அசையவே இல்லை. எடையும் ஏதோ பேருக்குத்தான் குறைந்திருந்தது.

டாக்டரம்மா அவளையே பார்த்தார். "நிஜமாவே கடைப்பிடிச்சீங்களா?"

"சத்தியமா டாக்டர். இவரையே கேளுங்க."

"ஆமாங்க. ஒரே பானையிலதான் ரெண்டு பேரும் சாப்பிடறோம்" என்றேன். டாக்டரம்மா தலையாட்டினார். நம்பின தலையாட்டல் இல்லை அது.

வெளியே மச்சானும் அவன் மனைவியும் காத்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னோம். மச்சான், "விடுக்கா, பாத்துக்கலாம்" என்றான். அவன் குரலில் சத்தே இல்லை. அவன் மனைவி என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள், அதட்டிப் பேசத் தெரியாத பெண். அவள்தான் அன்று வெடித்தாள்.

"குடுக்க இஷ்டம் இல்லன்னா நேராவே சொல்லிருக்கலாமே அண்ணி. இலையும் தழையும் தின்னறேன்னு எதுக்கு இந்த நாடகம்? அண்ணாவுக்கு இறங்குது, உங்களுக்கு மட்டும் இறங்காதா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "வாய அடக்கிப் பேசும்மா!" என்று கத்திவிட்டேன். தாழ்வாரத்தில் போன ஆட்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். என் மனைவி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கோபித்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் என்ன தப்பு பண்றேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

பதில் கிடைத்தது அவளுடைய கேன்டீனில்தான். கீழே சமையல்கூடம், மேலே சாப்பாட்டு ஹால். பாத்திரங்களை மேலே அனுப்ப ஒரு குட்டி லிஃப்ட் உண்டு. அந்தக் கட்டடம் என் சகாவின் பொறுப்பு. அன்று அவன் லீவு, லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது, என்னை அனுப்பினார்கள். இத்தனை வருஷத்தில் அவள் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை.

அவள் என்னைப் பார்த்து தலையை ஒரு ஆட்டு ஆட்டினாள், அதோடு சரி. வேலை நேரத்தில் அவள் மாஸ்டர், எனக்குப் பொண்டாட்டி இல்லை. நான் ஏணி மேல் நின்று கதவுப் பூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கண் மட்டும் கீழே இருந்தது.

அடுப்பு வரிசையில் அவள் நடந்தாள். முதல் அண்டாவில் சூப். கரண்டியால் மொண்டு உள்ளங்கையில் ஊற்றினாள், உறிஞ்சினாள். "உப்பு பத்தாது." உப்புப் போட்டார்கள். திரும்பவும் மொண்டாள், உறிஞ்சினாள். "இப்ப சரி." அடுத்தது கிரீம் போட்ட உருளைக்கிழங்கு, அது ஒரு வாய். மீன் பொரிக்கிற இடத்தில் ஒரு துண்டைப் பிய்த்து, வெந்ததா என்று கடித்துப் பார்த்தாள். கோழிக்கறி வெந்த பதம், பிறகு காரம், பிறகு அந்தச் சாறு தனியாக. கடைசியில் புட்டிங், அதற்கு இனிப்புப் போதுமா என்று ஒரு கரண்டி, இன்னும் சர்க்கரை போட்ட பிறகு இன்னொரு கரண்டி. அதற்குள் அடுத்த அண்டா சூப் இறங்கிவிட்டது. மறுபடி முதலிலிருந்து.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் ஸ்க்ரூ டிரைவரை ஏணிப் படியில் வைத்துவிட்டு, அவள் வாய்க்குப் போன கரண்டிகளை எண்ண ஆரம்பித்தேன்.

மதியச் சாப்பாட்டு மணி அடித்தபோது, ஒரு மூலையில் ஸ்டூலைப் போட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்து வேகவைத்த பயறையும் கீரையையும் பயபக்தியாகச் சாப்பிட்டாள். எதிரே கோழிக்கறி ஆவி பறந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் பொய் சொல்லவில்லை. அவள் கணக்கில் தட்டில் போட்டு உட்கார்ந்து தின்பதுதான் சாப்பாடு. உப்புப் பார்ப்பது வேலை. எனக்குப் பல்லுச் சக்கரத்தில் எண்ணெய் விடுவது எப்படியோ, அவளுக்கு அது அப்படி.

அப்போது எனக்குள் ஒரு நினைப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. அடுத்த தடவையும் இறங்காது, டாக்டரம்மா கைவிரித்துவிடுவார், இவளை யாரும் கத்தி வைத்துக் கிழிக்க மாட்டார்கள். என் பொண்டாட்டி முழுசாக என் வீட்டில் இருப்பாள். எனக்குப் பயமாக இருந்தது. ஆரம்பத்திலிருந்தே பயம்தான், யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான். மச்சான் நல்ல பையன். அவன் செத்துப்போவான் என்பதும் எனக்குத் தெரியும்.

சாயங்காலம் கேட்டில் நின்று அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். பஸ் ஸ்டாப் வந்த பிறகுதான் வாய் வந்தது.

"நீ அங்க நாள் முழுக்கத் தின்னுக்கிட்டேதான் இருக்கே."

"யாரு? நானா? கண்ணு அவிஞ்சா போச்சு உங்களுக்கு? நான் டப்பாவத் தவிர எதையும் தொடறதில்ல."

"உப்புப் பாக்கறியே, அது?"

"உப்புப் பாக்கறது சாப்பாடா?" என்று சீறினாள். "ருசி பாக்காம எவளாவது அண்டா இறக்குவாளா? லிஃப்ட்ட ஓட்டிப் பாக்காம நீங்க கையெழுத்துப் போடுவீங்களா?"

"நான் லிஃப்ட்ட முழுங்கறதில்லையே."

பஸ் வந்தது, போனது. நாங்கள் ஏறவில்லை. அவள் விரலை மடக்கி ஒவ்வோர் அண்டாவாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். புட்டிங்குக்கு வந்ததும் நிறுத்தினாள். தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஐயோ, தம்பிக்கு மூணு மாசத்தப் பாழாக்கிட்டேனே!" என்றாள். கூட நின்றவர்கள் நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்று என்னை முறைத்தார்கள்.

மறுநாளிலிருந்து கேன்டீனில் அவள் வாயைத் திறக்கவில்லை. ருசி பார்க்கும் வேலை அவளுடைய உதவியாள் ஒல்லிக்குப் போனது. பேர்தான் ஒல்லி, ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பான். எதைக் கொடுத்தாலும் கண்ணை மூடி, "அமிர்தம் மாஸ்டர்" என்பான். முதல் நாள் சூப் வெறும் தண்ணீர், இரண்டாம் நாள் கடல். மேலே ஹாலில் தட்டைத் தட்டினார்கள். மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தார்.

"வருஷக்கணக்கா உங்க கைய நம்பித்தானே இருக்கோம். ஒரு வாய் பாத்தா என்ன ஆயிடும்?"

"ஒரு வாய்தான் சார் என் தம்பிய கொல்லுது" என்றாளாம். "வேற மாஸ்டர் வேணும்னா வச்சுக்குங்க. நான் காய் நறுக்கறேன்."

அந்த வேலையில் அவளுக்கு இருந்த பெருமை எனக்குத் தெரியும். அதை அன்று மேஜை மேல் வைத்துவிட்டு நின்றாள். மேனேஜர், "சரி, உங்க இஷ்டப்படியே பண்ணுங்க மாஸ்டர்" என்று அடுப்படிக்கே திருப்பி அனுப்பிவிட்டார். அப்புறம் அவள் ஒல்லியை உட்கார வைத்து நாக்கைப் பழக்கினாள். மூக்கால் முகர்ந்தே "இதுல புளிப்புத் தூக்கல்" என்பாள், அவன் ருசித்துவிட்டு ஆமாம் என்பான். தட்டுச் சத்தம் மெல்ல ஓய்ந்தது.

அடுத்த சோதனையில் டாக்டரம்மா ரிப்போர்ட்டை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். "எப்படி?" என்றார். சர்க்கரை இறங்கியிருந்தது, எடை இறங்கியிருந்தது, ஈரலும் சுத்தம். "தேதி குறிச்சுடலாம்" என்றார். வெளியே மச்சான் மனைவி என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்க வாயெடுத்து, கேட்க முடியாமல் விம்மினாள். "சரி விடு, உன் இடத்துல நான் இருந்தா இன்னும் மோசமாப் பேசியிருப்பேன்" என்றாள் இவள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள்.

"அன்னிக்கு நீங்க பாத்தத சொல்லாம விட்டிருக்கலாம், இல்ல?"

"நெனச்சேன்."

"தெரியும். கேட்டுலேருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் ஒரு வார்த்தை பேசாம வந்தீங்க. கல்யாணம் ஆனதுலேருந்து நான் அப்படிப் பாத்ததே இல்ல." கொஞ்ச நேரம் போர்வையை நீவினாள். "பின்ன ஏன் சொன்னீங்க?"

"உன்ன நாடகக்காரின்னு சொன்னாங்க. அது எனக்குப் பொறுக்கல."

"பயமா இருக்குங்க."

"எனக்கும்தான்."

"அப்ப நாளைக்கு வெளியிலயே இருங்க. டீ குடிக்கறேன், ஃபோன் பேசறேன்னு எங்கயாவது போனீங்க, அவ்வளவுதான்."

போகவில்லை. காலையில் ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடியதிலிருந்து வெளியே பெஞ்சில்தான் இருந்தேன். மச்சான் மனைவி பக்கத்திலேயே இருந்தாள். டீ வேண்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். மதியத்துக்கு மேல் நர்ஸ் வந்தாள். முதலில் அவளைப் பார்த்துத்தான் பேசினாள்.

"கிட்னி வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சும்மா. உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்கார்."

மச்சான் மனைவி என் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. "என் மனைவி?" என்று கேட்டேன்.

நர்ஸ் என் பக்கம் திரும்பினாள். "அக்கா கண்ணு முழிச்சிட்டாங்க. முழிச்சதுலேருந்து ஒரே கேள்விதான். வெளியில இருக்காரா, இருக்காரான்னு."

"இருக்கேன்னு சொல்லுங்க" என்றேன்.